மேற்கோளிடலும் மதிப்பிடலும் (லிஸ்ப்)

மேற்கோளிடல், மதிப்பிடல் என்பன லிஸ்ப் குடும்ப நிரல்மொழிகளின் இரு அடிப்படைச் செயற்பாடுகள் ஆகும். ஒரு கோவையை எடுத்து அது குறிக்கும் விடையைக் கணிப்பது மதிப்பிடல். ஒரு கோவையைக் கணிக்காமல், எழுதப்பட்ட வடிவிலேயே ஒரு தரவாக எடுத்துக்கொள்வது மேற்கோளிடல். முதலாவது செயற்பாட்டை 'ஈவல்' என்னும் செயற்கூறும், இரண்டாவதைக் 'கோட்' என்னும் சிறப்பு வடிவமும் நிறைவேற்றுகின்றன. இவை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இயங்குபவை: கோட் நிறுத்தி வைத்ததை ஈவல் மீண்டும் இயக்கும்.

லிஸ்பில் நிரலும் தரவும் ஒரே வடிவத்தில், அதாவது பட்டியல்களாக, எழுதப்படுகின்றன. ஆகவே ஒரு பட்டியல் கட்டளையா, வெறும் தரவா என்பதை அதன் தோற்றத்தைக் கொண்டு மட்டும் சொல்ல இயலாது. அந்த வேறுபாட்டைக் காட்டுவதே மேற்கோளின் பணி. செயற்கூறுகளையே மேற்கோளிடும்போது இவ்வேறுபாடு நுட்பமாகிறது. லிஸ்ப் வரலாற்றில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்ட சிக்கல்களுள் ஒன்று இங்குதான் தோன்றியது.

இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகளில் லிஸ்ப் சொற்கள் தமிழ் எழுத்துகளில் ஒலிபெயர்க்கப்பட்டுள்ளன. '→' என்னும் குறி விடையைக் காட்டுகிறது. வேறுவிதமாகக் குறிப்பிடப்படாத இடங்களில் எடுத்துக்காட்டுகள் காமன் லிஸ்ப் மொழிக்கு உரியவை.

பெயரும் பெயர் குறிக்கும் பொருளும்

"மதுரை வைகைக் கரையில் உள்ளது" என்னும் தொடரில் மதுரை என்பது ஒரு நகரைக் குறிக்கிறது. "மதுரை என்பது மூன்றெழுத்துச் சொல்" என்னும் தொடரில் அது நகரைக் குறிக்கவில்லை, சொல்லையே குறிக்கிறது. நகருக்கு எழுத்துகள் இல்லை. சொல்லுக்கு ஆற்றங்கரை இல்லை. தமிழில் 'என்பது', 'என்னும்', 'என்று' ஆகிய சொற்கள் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் தெளிவுபடுத்திவிடுகின்றன.

லிஸ்பில் இப்பணியைக் கோட் செய்கிறது. எண் என்னும் மாறியின் மதிப்பு 10 எனக் கொள்க.

எண் → 10
(கோட் எண்) → எண்

முதல் வரியில் பெயர் குறிக்கும் பொருள் கிடைக்கிறது. இரண்டாம் வரியில் பெயரே கிடைக்கிறது. கோட் அடிக்கடி தேவைப்படுவதால் அதற்கு ஒற்றை மேற்கோள் குறி சுருக்கமாக வழங்குகிறது. 'எண் என எழுதுவதும் (கோட் எண்) என எழுதுவதும் ஒன்றே. நிரலைப் படிக்கும் வாசிப்பான் முன்னதைப் பின்னதாக மாற்றிவிடும்.

வரலாறு

லிஸ்ப் மொழியை ஜான் மெக்கார்த்தி 1958-ல் மாசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கத் தொடங்கினார். இம்மொழியை விளக்கும் அவரது ஆய்வுக்கட்டுரை 1960 ஏப்ரலில் வெளியானது. அதில் இருவகைக் கோவைகள் இருந்தன. தரவை எழுத எஸ்-கோவைகளும், தரவின்மீது செயற்படும் நிரலை எழுத எம்-கோவைகளும் பயன்பட்டன. நிரலின் பெயர்கள் சிறிய எழுத்திலும் தரவின் குறியீடுகள் பெரிய எழுத்திலும் எழுதப்பட்டமையால் இரண்டுக்கும் குழப்பம் எழவில்லை.

அக்கட்டுரையில் மெக்கார்த்தி, எல்லாச் செயற்கூறுகளையும் கணிக்கவல்ல ஒரு பொதுச் செயற்கூறினை லிஸ்பிலேயே எழுதிக் காட்ட விரும்பினார். ஈவல் என்பது அதன் மையப் பகுதி. ஈவல் ஒரு நிரலைத் தரவாகப் பெற வேண்டுமாயின் எம்-கோவைகளை எஸ்-கோவைகளாக மாற்ற வேண்டும். மாற்றியபின் நிரலின் பெயர்களும் பெரிய எழுத்துகளாகிவிடும். மாறி எது, தரவுக் குறியீடு எது என்று பிரித்தறிய வழி இல்லாமற் போகும். எனவே தரவாக இருந்தவை அனைத்தும் கோட் என்னும் சொல்லுடன் ஒரு பட்டியலில் இடப்பட்டன. நிரல் தரவின் வடிவத்தை ஏற்றபோது நேர்ந்த குழப்பத்தைத் தீர்க்கவே கோட் தோன்றியது எனலாம்.

மெக்கார்த்தி ஈவலை ஒரு கோட்பாட்டு விளக்கமாகவே கருதினார். அவருடன் பணியாற்றிய ஸ்டீவ் ரஸ்ஸல் அதனை ஐபிஎம் 704 கணினியின் பொறிமொழியில் கையால் எழுதி இயங்கச் செய்தார். இதன் மூலம் லிஸ்புக்கு ஒரு வரிமொழிமாற்றி கிடைத்தது. எம்-கோவைகள் பின்னர் வழக்கொழிந்தன. நிரலாளர்கள் எஸ்-கோவைகளிலேயே நேரடியாக எழுதலாயினர்.

மதிப்பிடல் விதிகள்

ஒரு கோவையை மதிப்பிடும்போது பின்வரும் விதிகள் பின்பற்றப்படுகின்றன.

1. எண்களும் சரங்களும் தம்மையே மதிப்பாகத் தரும். 7-ன் மதிப்பு 7.
2. ஒரு குறியீடு, அப்பெயருடைய மாறியின் மதிப்பைத் தரும். அத்தகைய மாறி இல்லையெனில் வழு ஏற்படும்.
3. பட்டியலின் முதல் உறுப்பு கோட், இஃப், லெட் போன்ற சிறப்பு வடிவமாயின், அவ்வடிவத்துக்கு உரிய தனி விதி செயற்படும்.
4. முதல் உறுப்பு ஒரு மேக்ரோவின் பெயராயின், அந்த மேக்ரோ பட்டியலை வேறொரு கோவையாக மாற்றித் தரும். பின்னர் அக்கோவை மதிப்பிடப்படும்.
5. மற்ற பட்டியல்களில் முதல் உறுப்பு செயற்கூறாகவும் ஏனையவை உள்ளீடுகளாகவும் கொள்ளப்படும். உள்ளீடுகள் முதலில் மதிப்பிடப்பட்டு, அம்மதிப்புகள் செயற்கூறிடம் தரப்படும்.

(+ 2 (* 3 4)) என்னும் கோவையில் முதலில் (* 3 4) என்பது 12 ஆகிறது. பின்னர் விடை 14 ஆகிறது. காமன் லிஸ்பில் உள்ளீடுகள் இடமிருந்து வலமாக மதிப்பிடப்படும். ஸ்கீம் மொழியில் இவ்வரிசை வரையறுக்கப்படவில்லை.

கோட் ஒரு செயற்கூறாக இருக்க முடியாது என்பதை ஐந்தாம் விதியிலிருந்து அறியலாம். அது செயற்கூறாயின், அதன் உள்ளீடு அதனைச் சென்றடையும் முன்பே மதிப்பிடப்பட்டுவிடும். பாதுகாக்க எதுவும் எஞ்சாது. ஆகவேதான் அது சிறப்பு வடிவமாக அமைந்துள்ளது.

மேற்கோளிட்ட நிரல்

மேற்கோளிட்ட கோவை ஒரு சாதாரணப் பட்டியல். அதனைப் பிரிக்கலாம், சேர்க்கலாம், மாற்றியமைக்கலாம். கார் என்பது பட்டியலின் முதல் உறுப்பையும், குடர் என்பது முதல் உறுப்பு நீங்கிய எஞ்சிய பட்டியலையும் தரும். கான்ஸ் ஒரு பட்டியலின் முன்னால் ஓர் உறுப்பைச் சேர்க்கும்.

'(+ 2 3) → (+ 2 3)
(கார் '(+ 2 3)) → +
(கான்ஸ் '* (குடர் '(+ 2 3))) → (* 2 3)
(ஈவல் (கான்ஸ் '* (குடர் '(+ 2 3)))) → 6

கூட்டல் கோவை ஒன்று பெருக்கற் கோவையாக மாற்றப்பட்டுப் பின்னர் இயக்கப்பட்டுள்ளது. இயற்கணிதக் கோவைகளைச் சுருக்குதல், வகையீடு செய்தல் போன்ற பணிகளுக்கு லிஸ்ப் தொடக்கம் முதலே ஏற்றதாக இருந்தமைக்கு இப்பண்பே காரணம்.

ஒரு முறை மதிப்பிட்டால் ஒரு மேற்கோள் மட்டுமே நீங்கும். எடுத்துக்காட்டாக, ''எண் என்பதன் மதிப்பு (கோட் எண்) என்னும் ஈருறுப்புப் பட்டியல். அதனை மீண்டும் ஈவலிடம் தந்தால் எண் என்னும் குறியீடும், மூன்றாம் முறை 10 என்னும் மதிப்பும் கிடைக்கும்.

செயற்கூறுகளை மேற்கோளிடல்

ஒரு செயற்கூறினை மற்றொரு செயற்கூறிடம் உள்ளீடாகத் தர லிஸ்ப் மொழிகளில் வெவ்வேறு முறைகள் உள்ளன.

ஸ்கீம் மொழியில் செயற்கூறுகளுக்கும் மாறிகளுக்கும் ஒரே பெயர்வெளி உள்ளது. பெயரை அப்படியே எழுதினால் அப்பெயருக்குரிய செயற்கூறு கிடைத்துவிடும். காமன் லிஸ்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர்வெளிகள் உள்ளன. ஒரே பெயர் மாறியாகவும் செயற்கூறாகவும் இருக்கலாம் என்பதால், செயற்கூறே தேவை என்பதை ஃபங்ஷன் என்னும் சிறப்பு வடிவத்தால் தெரிவிக்க வேண்டும். #' என்பது அதன் சுருக்கம்.

(மேப்கார் #'எதிர் '(1 2 3))

இங்கு மேப்கார், பட்டியலின் ஒவ்வோர் உறுப்புக்கும் எதிர் என்னும் செயற்கூறினைச் செயற்படுத்துகிறது. #'எதிர் என்பதற்குப் பதிலாக 'எதிர் என எழுதினாலும் பெரும்பாலும் அதே விடை வரும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 'எதிர் என்பது ஒரு பெயர் மட்டுமே; அழைக்கும் நேரத்தில் அப்பெயருக்கு உலகளாவிய நிலையில் எந்தச் செயற்கூறு உள்ளதோ அது பயன்படும். #'எதிர் என்பது செயற்கூறே. ஒரு நிரற்பகுதிக்குள் மட்டும் வரையறுக்கப்பட்ட உள்ளகச் செயற்கூறினை முதல் முறையால் பெற இயலாது.

லாம்டாவும் சூழலும்

பெயரில்லாச் செயற்கூறினை எழுத லாம்டா பயன்படுகிறது. இச்சொல் அலோன்சோ சர்ச் 1930-களில் உருவாக்கிய லாம்டா நுண்கணிதத்திலிருந்து பெறப்பட்டது. லாம்டா கோவையும் ஒரு பட்டியலே ஆதலால் அதற்கும் மேற்கோளிடலாம். பழைய லிஸ்ப் நிரல்களில் இது பரவலாகக் காணப்பட்டது. இதன் விளைவைப் பின்வரும் எடுத்துக்காட்டு விளக்கும்.

(டிஃபன் கூட்டி (எண்) '(லாம்டா (அ) (+ அ எண்)))

(கூட்டி 5) என அழைத்தால், 5-ஐக் கூட்டும் செயற்கூறு கிடைக்கும் என்பது எழுதியவரின் எதிர்பார்ப்பு. கிடைப்பதோ (லாம்டா (அ) (+ அ எண்)) என்னும் பட்டியல். அதில் 5 எங்கும் இல்லை. மேற்கோளிட்ட லாம்டாப் பட்டியலைச் செயற்கூறாக ஏற்கும் பழைய லிஸ்ப் ஒன்றில், பின்னர் வேறோர் இடத்தில் இதனை 1 என்னும் உள்ளீட்டுடன் அழைக்கும்போது எண் என்னும் மாறி இல்லையெனில் வழு ஏற்படும். அவ்விடத்தில் தற்செயலாக எண்ணின் மதிப்பு 100 ஆக இருந்தால் விடை 101 ஆகும், 6 ஆகாது. வழுச்செய்தி எதுவும் தோன்றாமல் தவறான விடை வரும் இந்நிலையே மிகவும் இடர் தருவது.

இச்சிக்கல் லிஸ்பின் தொடக்க நாள்களிலேயே வெளிப்பட்டது. ஜேம்ஸ் சிலேகிள் எழுதிய ஒரு நிரல் எதிர்பார்த்தபடி இயங்கவில்லை. மெக்கார்த்தி அதனை எளிதில் நீங்கக்கூடிய ஒரு வழுவாகவே முதலில் கருதியதாகப் பின்னாளில் தமது லிஸ்ப் வரலாற்றில் எழுதினார். ஸ்டீவ் ரஸ்ஸல் இதற்குத் தீர்வாக 'ஃபனார்க்' என்னும் அமைப்பை உருவாக்கினார். செயற்கூறினை அது பிறந்த இடத்தின் மாறிகளுடன் சேர்த்துக் கட்டிவைப்பது இதன் கருத்து. 1962-ல் வெளியான லிஸ்ப் 1.5 கையேட்டில் கோட், ஃபங்ஷன் இரண்டும் தனித்தனியே விளக்கப்பட்டுள்ளன: கோட் பட்டியலை மட்டும் தரும், ஃபங்ஷன் பட்டியலுடன் சூழலையும் சேர்த்துத் தரும். 1970-ல் ஜோயல் மோசஸ், இதனைச் செயற்கூறு உள்ளீட்டுச் சிக்கல் என்பதைவிடச் சூழல் சிக்கல் என்று அழைப்பதே பொருந்தும் என வாதிட்டார்.

சூழலுடன் பிணைந்த செயற்கூறுக்குக் 'குளோஷர்' என்னும் பெயரைப் பீட்டர் லாண்டின் 1964-ல் வழங்கினார். ஜெரால்ட் சஸ்மன், கை ஸ்டீல் ஆகியோர் 1975-ல் உருவாக்கிய ஸ்கீம் மொழி, மாறியின் பொருளை அது எழுதப்பட்ட இடத்தைக் கொண்டே முடிவு செய்யும் முறையை முழுமையாக ஏற்றது. 1994-ல் அமெரிக்கத் தரநிலையான காமன் லிஸ்பும் இம்முறையையே இயல்பாகக் கொண்டது. மேற்கண்ட நிரலில் மேற்கோளை நீக்கிவிட்டால், காமன் லிஸ்பில் (ஃபன்கால் (கூட்டி 5) 1) என்பதன் விடை 6 ஆகும்.

ஈமாக்ஸ் உரைத்தொகுப்பியின் லிஸ்ப் மொழியில் இம்முறை 2012-ல் வெளியான 24.1 பதிப்பில்தான் விருப்பத் தேர்வாக வந்தது. அம்மொழியில் மேற்கோளிட்ட லாம்டாக்கள் நெடுங்காலம் வழக்கில் இருந்தமையால், பழைய நிரல்களைப் புதிய முறைக்கு மாற்றுவோர் அவற்றைத் தேடி மேற்கோளை நீக்க வேண்டியிருந்தது. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேற்கோளுக்குள் இருப்பது மொழிமாற்றிக்கு வெறும் தரவே. எனவே அது அப்பகுதியைப் பொறிக்கேற்ற வடிவுக்கு மாற்றாது, அதிலுள்ள பிழைகளையும் சுட்டாது.

இதற்கு மாறான அணுகுமுறையும் உண்டு. பிக்கோலிஸ்ப் என்னும் மொழியில் லாம்டா என்னும் சொல்லே இல்லை. அங்கு செயற்கூறு என்பது ஒரு பட்டியல். மேற்கோளே லாம்டாவின் பணியைச் செய்கிறது.

(மேப்கார் '((அ) (* அ அ)) '(1 2 3)) → (1 4 9)

இயங்கும் நிரலின் செயற்கூறுகளை எந்நேரமும் பட்டியலாகப் பார்க்கவும் திருத்தவும் இயல்வது இதன் பயன். செயற்கூறு தன் சூழலைத் தானாகச் சுமந்து செல்லாது என்பது அதற்குரிய விலை.

பகுதி மேற்கோள்

ஒரு பட்டியலின் பெரும்பகுதியை மேற்கோளிட்டு, சில இடங்களை மட்டும் மதிப்பிட வேண்டிய தேவை அடிக்கடி எழுகிறது. இதற்குப் பின்சாய்ந்த மேற்கோள் குறி பயன்படுகிறது. மதிப்பிட வேண்டிய இடத்தின் முன் காற்புள்ளி இடப்படும். காற்புள்ளியை அடுத்து @ குறி வந்தால், கிடைக்கும் பட்டியலின் உறுப்புகள் தனித்தனியாகச் செருகப்படும். எண்ணின் மதிப்பு 10, வரிசையின் மதிப்பு (1 2) எனக் கொண்டால்,

`(எண் ,எண்) → (எண் 10)
`(+ ,வரிசை) → (+ (1 2))
`(+ ,@வரிசை) → (+ 1 2)

இதற்கு ஒத்த கருத்தைத் தருக்கவியலாளர் வில்லர்ட் குவைன் 1940-ல் வெளியிட்ட நூலில் அறிமுகப்படுத்தியிருந்தார். லிஸ்பில் மேக்ரோக்களை எழுதுவதற்கு இதுவே முதன்மைக் கருவி.

(டெஃப்மேக்ரோ தவிர (நிபந்தனை செயல்) `(இஃப் ,நிபந்தனை நில் ,செயல்))

நிபந்தனை பொய்யாயின் மட்டும் செயலை நிறைவேற்றும் ஒரு புதிய கட்டளையை இந்த மேக்ரோ மொழியில் சேர்க்கிறது. தவிர என்பதனைச் செயற்கூறாக எழுதியிருந்தால் உள்ளீடுகள் இரண்டும் முன்கூட்டியே மதிப்பிடப்பட்டு, நிபந்தனை எதுவாயினும் செயல் நிகழ்ந்துவிடும்.

ஈவலும் அப்ளையும்

செயற்கூறு ஒன்றும் அதற்குரிய உள்ளீடுகளின் பட்டியல் ஒன்றும் கையில் இருக்கும்போது அப்ளை பயன்படுகிறது. (அப்ளை #'+ '(1 2 3)) என்பதன் விடை 6. அதே பணியை (ஈவல் (கான்ஸ் '+ '(1 2 3))) என்றும் எழுதலாம், விடை மாறாது. உள்ளீடுகள் எண்களாக இருப்பதே இதற்குக் காரணம். குறியீடுகளாக இருப்பின் நிலை வேறு.

(அப்ளை #'லிஸ்ட் '(வண்டி படகு)) → (வண்டி படகு)
(ஈவல் (கான்ஸ் 'லிஸ்ட் '(வண்டி படகு))) → வழு

இரண்டாவதில் வண்டி, படகு ஆகியவை மாறிகளாகக் கருதப்பட்டு மீண்டும் ஒருமுறை மதிப்பிடப்படுகின்றன. இரட்டை மதிப்பிடல் எனத்தக்க இவ்வழு, ஈவலைத் தேவையின்றிப் பயன்படுத்தும் நிரல்களில் பொதுவாகக் காணப்படுவது. அழைக்க வேண்டிய செயற்கூறு மட்டுமே மாறுபடும் இடங்களில் ஃபன்கால் அல்லது அப்ளை போதுமானது.

ஈவலுக்குத் தெரியும் சூழலும் கவனிக்கத்தக்கது. காமன் லிஸ்பில் ஈவல் தன்னைச் சுற்றியுள்ள உள்ளக மாறிகளைக் காணாது.

(லெட் ((அ 5)) (ஈவல் '(+ அ 1)))
(லெட் ((அ 5)) (ஈவல் `(+ ,அ 1)))

உலகளாவிய நிலையில் அ என்னும் மாறி இல்லையெனில் முதற்கோவை வழுவைத் தரும். இரண்டாவதில் ஈவலை அழைக்கும் முன்பே பகுதி மேற்கோள் 5-ஐ உள்ளே வைத்துவிடுவதால் விடை 6 ஆகும். ஸ்கீம் மொழியின் 1998-ஆம் ஆண்டு வரையறையில் ஈவல், எந்தச் சூழலில் மதிப்பிட வேண்டும் என்பதை இரண்டாவது உள்ளீடாகக் கேட்டுப் பெறுகிறது.

பொதுவான வழுக்களும் பாதுகாப்பும்

மேற்கோளிட்ட பட்டியலை மாற்றுதல்: ஒரு செயற்கூறின் உடலில் '(1 2 3) என எழுதினால், ஒவ்வோர் அழைப்பிலும் புதிய பட்டியல் உருவாவதில்லை, நிரலின் பகுதியாக உள்ள அதே பட்டியலே திரும்பக் கிடைக்கிறது. அதன் உறுப்பை மாற்றினால் நிரலே மாறிவிடக்கூடும். இதன் விளைவு காமன் லிஸ்ப் தரநிலையில் வரையறுக்கப்படவில்லை. பின்னர் மாற்றவேண்டிய பட்டியலை (லிஸ்ட் 1 2 3) என எழுதுவதே முறை.

நம்பத்தகாத தரவு: வெளியிலிருந்து வரும் பட்டியலை ஈவலிடம் தருவது, அதனை அனுப்பியவருக்குக் கணினியில் விரும்பியதைச் செய்யும் உரிமையைத் தருவதற்கு ஒப்பானது. காமன் லிஸ்பில் வெறுமனே வாசிப்பதும் இடர் தரலாம், #. என்னும் குறிக்குப் பின்வரும் கோவை வாசிக்கும்போதே மதிப்பிடப்படுகிறது. *ரீட்-ஈவல்* என்னும் மாறியை நில் ஆக்குவதன் மூலம் இதனைத் தடுக்கலாம். இம்மாறியின் தொடக்க மதிப்பு மெய் என்பதால், தரவுக் கோப்புகளை வாசிக்கும் நிரல்கள் இதனை வெளிப்படையாக மாற்ற வேண்டும்.

மாற்று அணுகுமுறைகள்

தம் உள்ளீடுகளை மதிப்பிடாமலே பெறும் 'ஃபெக்ஸ்பர்' என்னும் செயற்கூறுகள் பழைய லிஸ்ப் மொழிகளில் இருந்தன. ஒரு கோவையின் எப்பகுதி மதிப்பிடப்படும் என்பதை இவை இருக்கும்போது மொழிமாற்றி முன்கூட்டி அறிய இயலாது. 1980-ல் கென்ட் பிட்மன் இக்காரணத்தைச் சுட்டி, இவற்றுக்கு மாற்றாக மேக்ரோக்களைப் பரிந்துரைத்தார். காமன் லிஸ்பும் ஸ்கீமும் இவற்றை ஏற்கவில்லை. 2010-ல் ஜான் ஷட் தமது முனைவர் பட்ட ஆய்வில், சூழலை வெளிப்படையாகக் கையாண்டால் ஃபெக்ஸ்பர்களை ஒழுங்கான அடிப்படையில் மீட்டெடுக்கலாம் எனக் காட்டினார்.

பிரையன் கேன்ட்வெல் ஸ்மித் 1982-ல் மாசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில், ஒரு கோவையைச் சுருக்குதல், அது குறிக்கும் பொருளை அடைதல் என்னும் இரு வேறு செயல்களை லிஸ்பின் மதிப்பிடல் ஒன்றாகக் கலந்துவிட்டது எனக் குறிப்பிட்டு, அவற்றைப் பிரிக்கும் மொழிகளை வடிவமைத்தார்.

பிற மொழிகளுடன் ஒப்பீடு

பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மொழிகளிலும் ஈவல் என்னும் பெயரில் செயற்கூறுகள் உள்ளன. அவை பொதுவாக நிரலை எழுத்துச் சரமாகப் பெறுகின்றன. சரத்தில் அடைப்புக்குறி ஒன்று விடுபட்டாலும் அது சரமாகவே இருக்கும். பிழை இயக்கும்போதுதான் வெளிப்படும். லிஸ்பில் ஈவல் பெறுவது ஏற்கெனவே கட்டமைக்கப்பட்ட பட்டியல். அதன் உறுப்புகளை எழுத்தெழுத்தாக ஆராயாமல் நேரடியாக எடுத்துக் கையாளலாம். ஈவல் பல மொழிகளில் இருந்தாலும், மேற்கோளிடல் லிஸ்ப் குடும்பத்தின் தனி அடையாளமாக விளங்குவதற்கு இதுவே காரணம்.